உயிர்ப் பதியம்: டிரடூசியானிசத்துக்கு ஒரு தமிழ்ச்சொல்

வணக்கம். டிரடூசியானிசம் என்ற கிறிஸ்தவ இறையியல் கொள்கைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

> 'மரபுவழி ஆன்மக் கொள்கை' என்றே வைத்துக்கொள்ளலாமே? எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். 'மரபுவழி' என்றதும் ஒருவர் மரபணுவுக்குப் போவார். இன்னொருவர் 'ஆன்மாவைப் பற்றித் தொன்றுதொட்டு வரும் கொள்கை' என்று படிப்பார். டிரடூசியானிசம் இரண்டும் இல்லை. உடலைப் போலவே உயிரும் பெற்றோரிடமிருந்துதான் பிள்ளைக்கு வருகிறது, ஒவ்வொரு கருவுக்கும் கடவுள் புதிதாகப் படைத்து அனுப்புவதில்லை என்பதே அது.

வேர்ச்சொல்லைப் பார்த்தால் வேலை எளிது. லத்தீனில் 'திராதுக்ஸ்' என்பது திராட்சைத் தோட்டத்துச் சொல். தாய்க்கொடியிலிருந்து இழுத்து வளர்க்கும் கிளை. கார்த்தேஜ் நகரத்து ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆன்மாவைப் பற்றி எழுதிய நூலில், ஆதாமைத் தாய்த்தண்டாகவும் மற்றவர் உயிரை அதிலிருந்து பெருக்க எடுத்த இளங்கிளையாகவும் சொல்கிறார். நம் ஊரில் இதற்குப் பெயர் பதியம். மல்லிகைக் கொடியை வளைத்து, கணு மண்ணுக்குள் போகும்படி புதைத்து, எழும்பாமல் இருக்க மேலே ஓர் ஓட்டுத்துண்டை வைப்பார் என் அம்மா. வேர் பிடிக்கிறவரை தாய்ச்செடிதான் அதற்குச் சோறு. பிறகு வெட்டிவிட்டால் தனிச்செடி, ஆனாலும் அதே மல்லி. ஆதாமின் பாவம் எல்லாரிடமும் எப்படி வந்தது என்று கேட்டால், எல்லாரும் அந்த ஒரே கொடிதானே என்று இந்தக் கொள்கைக்காரர் சொல்வார்.

ஆகவே 'உயிர்ப் பதியம்'. கடவுள் இன்றும் நாள்தோறும் உயிர்களைப் படைக்கிறார் என்ற பழைய கிறிஸ்தவ அறிஞர் ஜெரோமின் பக்கத்துக்கு 'உயிர்ப் படைப்பு'. உடலுக்கு முன்பே உயிர்கள் இருந்தன என்ற, அவருக்கும் முந்திய இறையியலாளர் ஓரிஜனுக்கு 'உயிர் முன்னிருப்பு'. 'ஆன்மா'வை வேண்டுமென்றே தவிர்த்தேன். சைவ சித்தாந்தத்தில் ஆன்மா அநாதி. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யார் படைத்தது, எப்போது படைத்தது என்ற சண்டையையே போட முடியாது.

*

> ஐயா, சித்தாந்தத்தில் உயிரும் அநாதிதான். திருவருட்பயனில் 'உயிரவை நிலை' என்றே ஓர் அதிகாரம் உண்டு. அது போகட்டும், கொடியை வெட்டலாம். உருவமில்லாத ஒன்றை எங்கே வெட்டுவது?

முதலாவது சரி, அந்த வாதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சொல்லை மட்டும் விடமாட்டேன். மூச்சு வேறு, ஆன்மா வேறு என்றவர்களோடு தெர்த்துல்லியன் மல்லுக்கு நின்றார். மூச்சுவிடுவதும் வாழ்வதும் ஒன்றே என்றார். பழந்தமிழில் உயிர்த்தல் என்றாலே மூச்சுவிடுதல். இதைவிடப் பொருத்தமாக வேறு சொல் எங்கே கிடைக்கும்?

இரண்டாவது கேள்வியில், ஜெரோம் காலத்துப் பெரிய இறையியலாளரான அகுஸ்தீனே மாட்டிக்கொண்டார். தெர்த்துல்லியனுக்கு அது கேள்வியே இல்லை, அவருக்கு ஆன்மாவும் ஒருவகை உடல். அவர் சபையில் தரிசனம் காணும் சகோதரி ஒருத்தி இருந்தாள். வழிபாடு முடிந்து கூட்டம் கலைந்தபின் தான் கண்டதைச் சொல்வாள். ஒருமுறை ஆன்மாவையே கண்டதாகச் சொன்னாளாம்: மென்மையானது, ஒளியுள்ளது, காற்றின் நிறம், மனித வடிவம். அதைச் சாட்சியாகவே எழுதிவைத்திருக்கிறார். ஆன்மாவை உடல் என்பது அகுஸ்தீனுக்கு ஆகாது. ஆனால் பிறவிப் பாவத்தை விளக்கப் பதியம் கைகொடுக்கிறதே! 415இல் பெத்லகேமில் இருந்த ஜெரோமுக்கு நீண்ட கடிதம் எழுதிக் கேட்டார். முதுமையில் தம் பழைய நூல்களைத் திருத்த உட்கார்ந்தபோதும், ஆன்மாவின் தோற்றம் அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை என்றே எழுதினார்.

*

> 'உயிர்ப்பதியம்' என்று சேர்த்து எழுதிவிடாதீர்கள். கத்தோலிக்கர் கண்ணுக்கு முதலில் 'உயிர்ப்பு' என்றுதான் தெரியும். ஈஸ்டர் விஷயம் என்று நினைத்துவிடுவோம்.

நல்ல பிடி, அம்மா. இடைவெளி விட்டே எழுதுவோம். அகராதிப் பதிவிலும் ஒரு குறிப்புப் போட்டுவிடுகிறேன்.

இந்தக் கொள்கைக்காரரை எப்படி அழைப்பது என்பது பாக்கி. 'பதியவாதி' என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். அகுஸ்தீனோடு மோதிய எக்லானும் ஊர் ஆயர் ஜூலியன் எதிரணியைத் 'திராதுசியானி' என்றது மரியாதைக்காக அல்ல, கேலிக்கு. அந்தக் குத்தல் தமிழிலும் கேட்க வேண்டும் என்றால் 'பதியக்காரர்'.