தெரு முனையில் பெரிய கடை, உள்ளே நம்ம மெடிக்கல்ஸ்: விளம்பரம் பண்ணிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மடிப்பாக்கம், கடைக்காரர்

எங்கள் தெரு மெயின் ரோட்டைத் தொடுகிற இடத்தில் ஒரு பெரிய செயின் மருந்துக்கடை திறந்திருக்கிறார்கள். பலூன் வளைவு, சீரியல் செட், கண்ணாடிக் கதவு, ஏசி, வெளியே ஆள் உயரத்துக்கு '20% தள்ளுபடி'. என் கடை தெருவுக்குள்ளே, அப்பா காலத்தில் ஆரம்பித்தது. சில்லறை மருந்துக்கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் வேண்டும் என்பது சட்டம், அதைத் தாண்டி ஒரு நாற்காலி போட இடம் உண்டு, அவ்வளவுதான்.

போன வாரம் வழக்கமாக வருகிற ஒரு அம்மா போனை நீட்டிக் காட்டினார். "அண்ணா, இந்த ஆப்ல 82 ரூபா காட்டுது, நீங்க நூறு போடறீங்களே?" கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். நான் ஸ்டாக்கிஸ்ட் (எங்களுக்குச் சரக்கு தருகிற மொத்த வியாபாரி) பில்லை எடுத்துக் காட்டினேன். பெரும்பாலான மருந்துகளில் சில்லறைக் கடைக்கு வழக்கமாக விடுகிற மார்ஜின் 20 சதவீதம். அரசின் விலைக் கட்டுப்பாட்டில் இருக்கிற மருந்துகளுக்கு 2013 ஆணைப்படி 16தான், அதுவும் நாம் வாங்கும் விலை மேல் கணக்கிடுவது, விற்கும் விலையில் வைத்துப் பார்த்தால் 14 கூட நிற்காது. அதற்குள்தான் வாடகை, ராத்திரியும் ஓட வேண்டிய ஃபிரிட்ஜுக்குக் கரண்ட், பையன் சம்பளம், எக்ஸ்பைரி ஆகி ஸ்டாக்கிஸ்ட் திரும்ப எடுக்காத சரக்கு எல்லாம். பில்லைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட அடுத்த கேள்விதான் முக்கியம்: "அப்ப அவங்களால மட்டும் எப்படி முடியுது?" கம்பெனியிடம் மொத்தமாக எடுப்பார்கள், சொந்தப் பெயரில் சரக்கு போடுவார்கள், டயப்பர், சோப்பு, புரோட்டீன் பவுடர் என்று மருந்தில்லாத சாமானில் ஈடு கட்டுவார்கள் என்று சொன்னேன். தலையாட்டினார். மாதாந்திர மாத்திரை இப்போது அங்கேதான் வாங்குகிறார், திடீர் காய்ச்சல், பேரனுக்கு வாந்தி என்றால் என்னிடம் வருகிறார்.

அதனால் விலையில் மோதுவது எனக்கு ஆகாது, அது தெளிவு. ஆனால் கடை இங்கே இருக்கிறது என்று எதைச் சொல்லி ஆட்களைக் கூப்பிடுவது? பேப்பர் போடும் பையனிடம் நோட்டீஸ் கொடுத்து அனுப்பலாமா, ஆட்டோ பின்னால் ஸ்டிக்கர் ஒட்டலாமா? செய்தவர்கள், பார்த்தவர்கள், வாங்கப் போனவர்கள் யாரானாலும் எழுதுங்கள்.


பெரம்பூர், கடைக்காரர்

சார், நான் சீனியர். ஆன்லைன் கடைகள் வந்தபோது நாங்கள் எல்லாம் ஷட்டரை இறக்கிப் போராட்டம் பண்ணினோம், மருந்துக்கடைக்காரர்கள் சங்கம் கோர்ட்டுக்கும் போனது. 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விதிகள் வருகிற வரைக்கும் ஆன்லைன் மருந்து விற்பனை கூடாது என்று சொன்னபோது இனிப்பு கூட கொடுத்தோம், சில வாரத்திலேயே அதே கோர்ட்டின் இரண்டு நீதிபதி அமர்வு அதை நிறுத்தி வைத்துவிட்டது. இதே சென்னையில் தொடங்கிய ஆன்லைன் மருந்துக்கடை நெட்மெட்ஸ் தோனியை வைத்து விளம்பரம் எடுத்தது, 2020இல் அதை ரிலையன்ஸ் வாங்கிக்கொண்டது. அந்த பட்ஜெட் எங்கே, நம்ம கல்லாப்பெட்டி எங்கே.

'10% தள்ளுபடி' போர்டு வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், எங்கள் கடையிலும் கொஞ்ச காலம் தொங்கியது. பத்துக்காக வருகிற ஆள் எதிர்ப்பக்கம் பன்னிரண்டு போட்டால் அங்கே போய்விடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. என் மகன்தான் அந்த போர்டை எடுத்துவிட்டு வேறு எழுதி வைத்தான்: 'மற்ற இடத்தில் கிடைக்காத மருந்தை இங்கே கேளுங்கள், மாலைக்குள் வரவழைத்துத் தருகிறோம்.'

அதைப் படித்துவிட்டு ஒரு பெரியவர் வந்தார். மனைவிக்கு வலிப்பு மாத்திரை, குறிப்பிட்ட கம்பெனியுடையது, டாக்டர் கம்பெனியை மாற்றவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். மூன்று பெரிய கடைகளில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு "ஸ்டாக் இல்ல சார், ஆர்டர் போட்டா ரெண்டு நாள்" என்றார்களாம். வீட்டில் இருந்ததோ அன்று ராத்திரிக்கு மட்டும். எங்கள் வழக்கமான ஸ்டாக்கிஸ்டிடமும் இல்லை, ஷார்டேஜ். கடைப் பையன் பெரம்பூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, நடந்தே நைனியப்ப நாயக்கன் தெருவுக்குப் போய், அங்கே இரண்டு மூன்று ஹோல்சேல் கடையில் விசாரித்து முறையாக பில் போட்டு வாங்கி வந்துவிட்டான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் கையில் மாத்திரை. ரயில் டிக்கெட்டும் பையனுடைய அரை நாளும் போக எங்களுக்கு அந்த வியாபாரத்தில் நஷ்டம்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் அவர் ஒரு பெரிய அபார்ட்மென்ட்டில் சங்கச் செயலாளர். அன்று ராத்திரியே அவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எங்கள் கடை நம்பரைப் போட்டு நாலு வரி எழுதியிருக்கிறார். அடுத்த மாதத்தில் இருந்து அந்த பிளாக்குகளில் இருந்து சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்ப ஆரம்பித்தார்கள், பையன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். தள்ளுபடி என்ன என்று அங்கிருந்து இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. நீங்கள் அச்சடிக்கப் போகிற நோட்டீஸை விட அந்த நாலு வரிக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் அதை எழுதியது நான் இல்லை.


வேளச்சேரி, வாடிக்கையாளர்

நான் மாற்றிப் பேசப் போகிறேன், திட்டாதீர்கள். எனக்குச் செயின் கடைதான் வசதி, ஏன் என்று சொல்கிறேன், கடைக்காரர்களுக்கு உதவும்.

எங்கள் ஏரியாவில் ஒரு சின்ன மெடிக்கல்ஸ், பெயர் வேண்டாம். அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்கப் போனேன். சீட்டில் இருந்தது இல்லை, "இதுவும் அதேதான் தம்பி, கம்பெனிதான் வேற" என்று வேறு அட்டையை நீட்டினார். டாக்டர் எழுதியதை அவரைக் கேட்காமல் கடையில் மாற்றிக் கொடுக்கக் கூடாது என்பது விதி, அது எனக்குப் பிறகுதான் தெரியும். பில் கேட்டேன், ஒரு துண்டுச் சீட்டில் கூட்டுத்தொகை மட்டும் எழுதிக் கொடுத்தார். பார்மசிஸ்ட் யார் என்றால் சுவரில் ஒரு சர்டிபிகேட் போட்டோ இருக்கிறது, அந்த முகத்தைக் கடையில் நான் பார்த்ததே இல்லை. பெரிய கடையில் பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி எல்லாம் போட்ட பில் வருகிறது, மீந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் பேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

அங்கேயும் தொல்லை இல்லாமல் இல்லை. ஒரு பாராசிட்டமால் வாங்கினாலும் போன் நம்பர் கேட்பார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு தாத்தா "தலைவலிக்கு மாத்திரை வாங்க நம்பர் எதுக்குப்பா, தலை வலிக்குதான்னு போன் பண்ணி விசாரிப்பியா?" என்று கேட்டார், கவுன்டரில் இருந்த பெண்ணே சிரித்துவிட்டது. நாலு மாத்திரை போதும் என்றாலும் பல நேரம் முழு அட்டைதான். ஆக உங்கள் போர்டில் இதைப் போடுங்கள்: படித்த பார்மசிஸ்ட் கடையில் இருப்பார், எல்லாவற்றுக்கும் பில் உண்டு, எழுதியதை மாற்ற மாட்டோம், தேவையான அளவு வெட்டித் தருவோம். போன் நம்பர் கேட்க மாட்டோம் என்றும் சேர்த்தால் அந்தத் தாத்தா கட்டாயம் வருவார்.


முடிச்சூர், வாடிக்கையாளர்

எங்களுக்கு 2015 வெள்ளமும் தெரியும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் தெரியும். இரண்டாவது தடவை அம்மாவுக்கு இன்சுலின் தீர்ந்துவிட்டது. முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, நெட்வொர்க் வந்து வந்து போகிறது, ஆப்பில் டெலிவரி இல்லை. மேட்டில் இருக்கிற பெரிய கடை ஷட்டர் மூடியிருந்தது. வேலை செய்கிறவர்கள் எல்லாம் தூரத்தில் இருந்து வருகிறவர்கள், அவர்கள் வீட்டிலும் தண்ணீர்தானே, தப்பு சொல்ல மாட்டேன்.

சின்ன மெடிக்கல்ஸ்காரர் கடைக்கு மேல் மாடியிலேயே குடியிருக்கிறார். பாதி ஷட்டரைத் தூக்கி வைத்து, டார்ச் வெளிச்சத்தில், கையால் பில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், கரண்ட் போன உடனே எங்கேயோ பிடித்து ஐஸ் வாங்கித் தெர்மாகோல் பெட்டியில் மாற்றி, ஐஸ் நேராகப் படாமல் நடுவில் துணி வைத்திருந்தார் (இன்சுலின் உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான் என்று எனக்கே அவர்தான் சொன்னார்). ஜிபே வேலை செய்யவில்லை. "அப்புறம் குடும்மா, மொதல்ல அவங்களுக்குப் போடு" என்றார். எங்கள் தெருவில் யாருக்கெல்லாம் என்ன மாத்திரை என்று அவருக்கு மனப்பாடம். டயாலிசிஸ் போகிற ஒருவர் வீட்டுக்கு அவரே ஆள் விட்டு விசாரித்தார்.

இதையெல்லாம் அவர் எங்கேயும் போட்டோ போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் தெருவுக்குப் புதிதாகக் குடி வருகிறவர்களிடம் பால்காரர் நம்பரோடு இவர் நம்பரையும் நாங்கள்தான் கொடுக்கிறோம். ஒரே குறை, மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை கடையை அடைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார், போனையும் எடுக்க மாட்டார். அண்ணே, இதைப் படித்தால் அதை மட்டும் சரி பண்ணுங்கள்.


கொளத்தூர், கடைக்காரர் மகன்

விளம்பர வேலை முழுக்க எங்கள் வீட்டில் என் தலையில், அதனால் நடைமுறை விஷயம் சொல்கிறேன்.

மடிப்பாக்கம் சார், பிளெக்ஸ் பக்கம் போகாதீர்கள். 2019இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு பெண் இறந்த பிறகு கெடுபிடி அதிகம், அனுமதி இல்லாமல் ரோட்டோரம் கட்டினால் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நோட்டீஸ் அடிப்பதானால் வாசகத்தை நீங்களே எழுதுங்கள். எங்களுக்கு டிசைன் பண்ணிய ஆள் நல்ல எண்ணத்தில் 'சர்க்கரை, மூட்டுவலி, ஆண்மைக்குறைவு அனைத்துக்கும் தீர்வு' என்று கொட்டை எழுத்தில் போட்டு, ஓரத்தில் மாத்திரை அட்டை படமும் வைத்துக் கொண்டுவந்தார். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954 சட்டப்படி குற்றம், சீட்டு இருந்தால்தான் கொடுக்க வேண்டிய மருந்துகளைப் பெயர் போட்டு விளம்பரப்படுத்தவும் கூடாது. இன்ஸ்டாவில் அட்டையைப் போட்டோ எடுத்துப் போடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கடையை விளம்பரம் பண்ணுங்கள், மருந்தைப் பண்ணாதீர்கள்.

எங்களுக்கு அதிகமாக ஆள் கொண்டுவந்தது கூகுள் மேப். இலவசம். ராத்திரி பதினொன்றுக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஜனங்கள் போனில்தான் தேடுகிறார்கள், அப்போது 'திறந்திருக்கிறது' என்று காட்டுகிற கடைக்கு வண்டியைத் திருப்புகிறார்கள், பெரிய பெயரா சின்னப் பெயரா என்று அந்த நேரத்தில் யார் பார்க்கிறார்கள். நேரத்தைச் சரியாகப் போட வேண்டும், பண்டிகை நாளில் மாற்ற வேண்டும், போர்டு தெரிகிற மாதிரி போட்டோ வேண்டும். பொய்யாக 24 மணி நேரம் என்று போட்டால் ஒரே ஒரு கடுப்பான விமர்சனம் போதும், கதை முடிந்தது.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12இல் இருந்து 5க்கு இறங்கியதல்லவா, அன்றைக்குக் காலையில் அப்பா வாசலில் சாக்பீஸால் எழுதினார்: 'வரி குறைந்தது. பழைய விலை அச்சடித்த அட்டைக்கும் புதிய விலைதான்.' போகிறவர்கள் நின்று படித்தார்கள், உள்ளே வந்து "நிஜமாவா சார்?" என்று கேட்டார்கள். ஒரு அம்மா தன் சீட்டில் இருந்த ஐந்து மருந்துக்கும் பழைய விலை புதிய விலை இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்துத் தங்கச்சியையும் கூட்டி வந்தார். எங்களுக்குச் செலவு ஒரு சாக்பீஸ்.

விலைதான் முக்கியம் என்கிறவர்களுக்கு 2025 பிப்ரவரியில் திறந்த மாநில அரசின் முதல்வர் மருந்தகம் இருக்கிறது, மத்திய அரசின் ஜன் ஔஷதி இருக்கிறது, இரண்டும் மலிவு விலைக் கடைகள். எங்கள் பக்கத்திலும் ஒன்று உண்டு. கையில் காசில்லாமல் தயங்குகிறவர்களை, டாக்டரிடம் ஜெனரிக் பெயரில் (கம்பெனி பெயர் இல்லாமல் மருந்தின் பெயரில்) எழுதித் தரச் சொல்லிவிட்டு அங்கே போங்கள் என்று அப்பாவே அனுப்புவார். எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது, இப்போதும் முழுசாகப் போகவில்லை. ஆனால் அப்படிப் போனவர்கள் அங்கே இல்லாததை வாங்க எங்களிடமே திரும்பி வருகிறார்கள்.


மடிப்பாக்கம், கடைக்காரர்

எல்லாருக்கும் நன்றி. வேளச்சேரி தம்பி எழுதியது கொஞ்சம் சுட்டது, ஆனால் போர்டுக்கு வாசகம் அதில்தான் கிடைத்தது. நான் டி.பார்ம் (பார்மசி டிப்ளமோ) முடித்தவன், காலையில் இருந்து ராத்திரி வரை கடையில் நானேதான் இருக்கிறேன், பில்லும் போடுகிறேன், இதை எங்கேயும் எழுதி வைக்கத் தோன்றியதே இல்லை, எல்லாருக்கும் தெரியும் என்று நினைப்பு. பெரம்பூர் சார் சொன்ன 'மாலைக்குள்' எனக்கு வராது, இங்கிருந்து பாரிமுனை பக்கம் அந்த ஹோல்சேல் தெருவுக்குப் போய்த் திரும்ப அரை நாள் பிடிக்கும். 'அடுத்த நாள் காலைக்குள்' என்று போட்டுக்கொள்கிறேன், அதை என்னால் காப்பாற்ற முடியும். மேப்பில் நேரத்தை இன்று ராத்திரியே சரி பண்ணிவிடுகிறேன்.

தமிழில் கையால் பெயின்ட் பண்ணி போர்டு எழுதுகிறவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். கீழ்க்கட்டளை, நங்கநல்லூர் பக்கம் என்றால் நல்லது, அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறேன்.