மறு: டூர்னிக்கே – ஏலத்தோட்ட முதலுதவி அட்டைக்கு ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

கை காலில் பீறிடும் ரத்தத்தை நிறுத்த இறுக்கும் கருவியான டூர்னிக்கேக்குத் தமிழில் ஒரு சொல் கேட்டிருந்தேன். இதுவரை வந்த மடல்களையெல்லாம் படித்துவிட்டேன். இத்தனை பரிந்துரைகள் வரும் என்று நினைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பேசுவதற்கு முன், இந்தச் சொல் எங்கே போய் உட்காரப்போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அகராதிக்காக இதைக் கேட்கவில்லை. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் மெட்டு ஏறி, கேரளத்தில் உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்களுக்கான அட்டை இது. ஜீப்புக்குள் டிரைவர் தலைக்கு மேலே ஒட்டப்போகிறோம். நிழல் மரத்தில் ஏறிக் கொப்பு கழிக்கிறவர் கையிலிருந்து வாக்கத்தி நழுவித் தொடையில் இறங்கினால், பக்கத்தில் நிற்கிறவர் அதைப் படித்துச் செய்ய வேண்டும். இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகிற பெரிய தமனி அறுந்துவிட்டால் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். சொல்லைப் பார்த்து யோசித்துக்கொண்டு நிற்க அங்கே நேரமில்லை.

> இரத்தக்கட்டு என்றே வைக்கலாமே, எளிமையாக இருக்கிறது.

ஐயோ, வேண்டாம். அடிபட்ட இடத்தில் தோலுக்கடியில் ரத்தம் உறைந்து கன்றிப்போவதைத்தான் எங்கள் பக்கம் ரத்தக்கட்டு என்பார்கள். அதற்குப் பத்துப் போடுவார்கள். அட்டையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஒருவர் மஞ்சளும் உப்பும் தேடிப் போய்விடுவார்.

> நெரிகட்டு?

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். இரண்டும் வாயில் ஒன்றாகத்தான் ஒலிக்கும்.

> இறுக்குவார்

யார் இறுக்குவார்? கங்காணியா? வார் என்று முடியும் சொல்லை வினையோடு சேர்த்தால் தமிழில் இந்த வம்பு வந்துவிடுகிறது.

> குருதித் தடைக்கட்டு

இதுதான் அதிகம் பேர் ஆதரித்தது. குருதி எனக்குப் பிடித்த சொல். இலங்கைத் தமிழர்கள் குருதிக்கொடை என்று இயல்பாகச் சொல்கிறார்கள். போடி ஜீப்பில் அது ரத்தம்தான். அதையும் விட்டுவிடலாம், பழகினால் வரும். எனக்கு உறுத்துவது ‘கட்டு’.

மலையில் ‘இறுக்கிக் கட்டு’ என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது பாம்புக்கடி. ஏலச்செடி நிழலில் குழிவிரியன் சுருண்டு கிடக்கும் இடம் அது. கடித்தவுடன் துண்டைக் கிழித்துக் கடிவாய்க்கு மேலே கட்டுவது தலைமுறைப் பழக்கம். பாம்புக்கடிக்கு அப்படி இறுக்கிக் கட்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் சொல்கிறது, நம் நாட்டு நெறிமுறையும் சொல்கிறது. விரியன் விஷம் கடித்த இடத்துச் சதையையே அரிக்கும். கட்டு போட்டால் அது அங்கேயே தேங்கி, விரல் போக வேண்டிய இடத்தில் கை போகும். இந்தப் பழக்கத்தை மறக்கடிக்க வருடக்கணக்காகத் தொண்டை வற்றப் பேசிக்கொண்டிருக்கிறோம். இப்போது நாமே ‘கட்டு’ என்று ஒரு சாதனத்தை ஜீப்பில் ஏற்றிவிட்டால், பாம்பு கடித்தவருக்கும் அதைத்தான் எடுப்பார்கள். மேலும் கட்டு என்பது பேண்டேஜுக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்ட பெயர். அழுத்துக்கட்டு, துணிக்கட்டு, மாவுக்கட்டு எல்லாம் அந்தக் குடும்பம். இது அந்தக் குடும்பமே இல்லை.

அப்படியானால் வேறு எது இதன் அடையாளம்? முறுக்குவது. பாரிசில் ழான் லூயி பெத்தி என்ற அறுவை மருத்துவர் 1718-ல் திருகாணி வைத்த கருவியைச் செய்தார். பிரெஞ்சுப் பெயரே திருப்புவது என்ற வினையிலிருந்து வந்ததுதான். இன்றைய கருவியிலும் அகலமான பட்டை ஒன்று, நடுவில் ஒரு கோல். கோலைத் திருகத் திருகப் பட்டை இறுகும். சுமை ஏற்றிய வண்டியில் கயிற்றுக்குள் குச்சியைச் செருகி முறுக்குகிறார்களே, அதே வேலைதான். நம் ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்கவே வேண்டாம். கையால் இழுத்து முடிச்சுப் போட்டால் போதாது. அரைகுறையாக இறுகினால் ரத்தம் திரும்பிப் போகிற சிரை மட்டும் அடைபடும், தமனி ஓடிக்கொண்டே இருக்கும், ரத்தம் முன்னைவிட அதிகமாகக் கொட்டும். ஆகவே பெயரிலேயே முறுக்கு இருப்பது அழகுக்காக இல்லை.

என் பரிந்துரை: முறுக்குப்பட்டை. கோலுக்கு முறுக்குக்கோல். அட்டையில் டூர்னிக்கே என்பதையும் பக்கத்திலேயே போடுவோம், ஆஸ்பத்திரியில் அப்படித்தான் கேட்பார்கள்.

ஒன்று விட்டுப்போனது. ‘காயத்துக்கு மேலே’ என்று எழுதலாம் என்றிருந்தார் ஒருவர். தமிழில் அது காயத்தின் மீதே என்றும் ஆகும். ‘காயத்துக்கும் உடம்புக்கும் நடுவில், காயத்திலிருந்து மூன்று விரற்கடை தள்ளி’ என்று எழுதினால் தப்ப வழியில்லை.

——

அன்புள்ள அம்மா,

உத்தமபாளையத்திலிருந்து எழுதுகிறேன். ‘நெரிகட்டு’ என் சரக்குதான், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நெறிகட்டி நானே படுத்துக் கிடந்திருக்கிறேன், நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

முறுக்கு நல்ல வேர். ஆனால் ‘முறுக்குப்பட்டை’ என்று ஒற்று மிகுந்தால் முறுக்கு பெயர்ச்சொல் ஆகிவிடுகிறது. தீபாவளிப் பலகார ஞாபகம்தான் வரும். வினையடியாகவே நிற்கட்டும். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையில் வல்லினம் மிகாது. முறுக்கிய, முறுக்குகின்ற, முறுக்கும் பட்டை – முறுக்குபட்டை. கோலும் அப்படியே: முறுக்குகோல். ‘பட்டை’யைச் சாராயம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்று ஒரு நண்பர் தனிமடலில் கவலைப்பட்டார். எடுத்துக்கொள்ளட்டுமே, ஒருவரும் மறக்க மாட்டார்கள்.

கட்டிய நேரத்தை நெற்றியில் எழுத வேண்டும் என்று முன்பு சொல்லியிருந்தீர்கள். ‘மு’ என்று எழுதி, பக்கத்தில் மணியைப் போட்டால் என்ன?

——

ஐயா, வணக்கம்.

முறுக்குபட்டை – எடுத்துக்கொண்டேன். ஜீப்பில் போகிறவர்கள் ஒற்றைப் போட்டும் சொல்வார்கள், விட்டும் சொல்வார்கள். அச்சில் உங்கள் சொற்படியே இருக்கட்டும்.

‘மு’ மட்டும் வேண்டாம். இங்கே வெட்டுப்பட்டவர் போய்ச் சேர்வது நெடுங்கண்டமாகவும் இருக்கலாம், கட்டப்பனையாகவும் இருக்கலாம், தேனி மெடிக்கல் காலேஜாகவும் இருக்கலாம். மலையாள நர்ஸ் ‘மு’வைப் பார்த்து என்ன செய்வார்? ஆங்கில ‘T’ எழுத்தும் மணியும்தான் எல்லா ஊர் மருத்துவருக்கும் தெரிந்த குறி. இந்த ஓரிடத்தில் தமிழ்ப்பற்றை இறக்கி வைத்துவிடுவோம்.

அட்டைக்கு இப்படி எழுதியிருக்கிறேன். வெட்டித் திருத்துங்கள்:

கை காலில் ரத்தம் பீறிட்டால், முதலில் துணியை வைத்து உடம்பு எடை முழுவதும் இறங்கும்படி அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். அழுத்தியும் நிற்காவிட்டால், அல்லது பார்த்தவுடனேயே கொட்டுகிறது என்று தெரிந்தால் முறுக்குபட்டை. காயத்துக்கும் உடம்புக்கும் நடுவில் போடுங்கள், மூட்டின் மீது வேண்டாம். ரத்தம் நிற்கும்வரை கோலை முறுக்குங்கள். வலியில் கத்துவார், வலிக்கத்தான் செய்யும், தளர்த்தாதீர்கள். நேரத்தை எழுதுங்கள். அவிழ்ப்பது ஆஸ்பத்திரியில். பட்டை இல்லையென்றால் துண்டை இரண்டு அங்குல அகலத்துக்கு மடித்துக் குச்சி செருகுங்கள். கம்பியோ நைலான் கயிறோ கூடாது, சதையை அறுத்துவிடும். தொடை இடுக்கு, அக்குள், கழுத்து ஆகிய இடங்களில் பட்டை நிற்காது. தொடை இடுக்கிலும் அக்குளிலும் காயத்துக்குள்ளேயே துணியைத் திணித்து அழுத்துங்கள். கழுத்தில் காயத்தின் மீது துணியை வைத்து, மூச்சு முட்டாதபடி அழுத்துங்கள். பாம்பு கடித்தால் முறுக்குபட்டை போடாதீர்கள். இரண்டு மாநிலத்திலும் 108.

கடைசிக்கு முந்தைய வரியைச் சிவப்பில் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

கம்யூனிஸ்ட் பச்சை என்கிற களைச்செடியின் இலையைக் கசக்கிக் காயத்தில் பிழிவது பற்றி ஒரு வரி சேர்க்கச் சொல்லி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். சிராய்ப்புக்கு எல்லோரும் செய்வதுதான், தடுக்கப் போவதில்லை. தமனி ரத்தத்துக்கு இலையும் காப்பித்தூளும் எதுவும் செய்யாது, நேரம்தான் போகும். அட்டையில் அதற்கு இடமில்லை.

தீக்காயத்துக்குத் தனி இழை தொடங்குவோம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ பட்டவர்களை மலையிலிருந்து தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் பற்பசையையும் மாவையும் அப்புகிற வழக்கம் நம் பக்கத்தில் போகவில்லை. ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம், ஐஸ் வேண்டாம், கொப்புளத்தை உடைக்க வேண்டாம், பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடுவது. இதற்குச் சொல் எதுவும் புதிதாகத் தேவைப்படவில்லை. வெந்நீர், ஆவி பட்டதைத் தீக்காயம் என்பதா, வெந்த காயம் என்பதா என்ற ஒரு கேள்விதான் மிச்சம். எனக்கு ‘வெந்த காயம்’ போதும்.

அட்டையின் பின்பக்கம் மலையாளத்தில் வர வேண்டும், ஹிந்தியிலும் வந்தால் நல்லது. இப்போது தோட்டங்களில் ஜார்க்கண்ட் ஆட்களும் இருக்கிறார்கள். இரண்டு மொழியும் எழுதத் தெரிந்தவர்கள் இந்தக் குழுவில் இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள்.