செதுக்கின பூசணி சுருங்குது, வழி சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. இடம் கிளிநொச்சி, வாணி விழாவுக்கு வைக்கிற பூசணி. முத்தின ஊர்க்காய், 5 கிலோ வரும். ஓட்டை போடேல்ல, தோலைச் சீவி, வெளிச்சம் ஊடுருவச் சதையை 1 சென்ரிமீற்றருக்கு மெலிசாக்கின சரஸ்வதி உருவம். அடுத்த நாள் பின்னேரமே ஓரங்கள் சுருளுது. வீணைத் தந்திக் கோடுகள்தான் முதல்ல தொய்யுது. பிறகு உள்ளுக்குக் கறுத்தப் பூஞ்சணம்.

விதை, நார் எல்லாம் வழிச்சாச்சு. குளோரின் திரவம் 1 மேசைக்கரண்டி, 4 லீற்றர் தண்ணியில கலந்து ஊறவைச்சு, காயவிட்டு, வெட்டின விளிம்புக்கு வாஸ்லினும் பூசியாச்சு. பூஞ்சணம் பிந்தினது, சுருக்கம் நிக்கேல்ல. மெழுகுதிரி சதையை அவிச்சுப்போடும், அதால உள்ளுக்கு எல்இடி குமிழ்தான். இரவில ஈரத்துணி சுத்திப் பிரிட்ஜில வைச்சா விறைப்புத் திரும்புது. புரட்டாதிப் புழுக்கத்தில மத்தியானத்துக்குள்ள போயிடுது.

மெலிசாக்கின சதை மூன்று நாள் விறைப்பா நிக்க என்ன செய்யலாம்?