காஊ நிலப்பிரிவின் பழைய எல்லைகள் குறித்து உதவி வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். ஹவாய்த் தீவின் தென்பகுதியில், மவுனா லோவா எரிமலையின் சரிவுகளிலிருந்து கா லே முனை வரை விரிந்துள்ள காஊ என்னும் பழைய நிலப்பிரிவைப் பற்றிக் கட்டுரை எழுதி வருகிறேன். 1790இல் கிலாவேயா எரிமலை வெடித்தபோது தன் படையில் ஒரு பகுதியை இழந்து, மறு ஆண்டே புவுகோஹோலா கோயிலருகே கொல்லப்பட்ட தலைவன் கெயோவாவின் நாடு இது. 1868இல் வந்த பெரும் நிலநடுக்கமும் கடற்கோளும் இதன் கரையோர ஊர்கள் பலவற்றை அழித்தன. மலையிலிருந்து கடல்வரை நீளும் அஹுபுவா என்னும் உட்பிரிவுகளே மக்களின் உழவையும் மீன்பிடிப்பையும் ஒழுங்குபடுத்தியமையால், 1848ஆம் ஆண்டு நிலப் பங்கீட்டுக்கு முந்தைய அவற்றின் எல்லைகளைத் தெளிவாகக் காட்டாமல் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை. அவ்வெல்லைகளைக் குறிக்கும் பழைய நில வரைபடங்களோ, நில உரிமை கோரிக் குடிமக்கள் அளித்த சாட்சியங்களோ எங்கே கிடைக்கும் என அறிந்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன்.