கெமிஸ்ட்ரி லேபுக்கு எத்தனை டன் ஏசி? ஒரே ஷாஃப்ட்ல எல்லாம் அடங்குமா? நாளைக்கு மீட்டிங், யாராச்சும் சொல்லுங்க

புதுசா_வந்தவன்:
எல்லாருக்கும் வணக்கம். எம்ஈபி (ஏசி, கரண்ட், பிளம்பிங் டிசைன்) கன்சல்டன்ட் ஆபீஸ்ல சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகுது. செங்கல்பட்டு பக்கம் ஒரு யுனிவர்சிட்டி கேம்பஸ்ல சயின்ஸ் பிளாக் வருது. கீழ லெக்சர் ஹால், முதல் மாடி 240 சிஸ்டம் வச்ச கம்ப்யூட்டர் லேப், ரெண்டாவது மாடி 4000 சதுரடி கெமிஸ்ட்ரி லேப், அதுல 12 ஃப்யூம் ஹூட் (ஆசிட் ஆவியை உறிஞ்சி வெளிய தள்ளுற கண்ணாடிப் பெட்டி), மூணாவது மாடி கிளாஸ்ரூம். ஆர்க்கிடெக்ட் 4 அடிக்கு 6 அடி ஷாஃப்ட் (எல்லா மாடி வழியாவும் நேரா போற குழி) ஒண்ணே ஒண்ணு குடுத்துட்டு கேபிள், பைப், காத்து போற டக்ட் எல்லாம் அதுக்குள்ளயே போகட்டும்னு சொல்லிட்டாங்க. கெமிஸ்ட்ரி லேபுக்கு நான் 150 சதுரடிக்கு ஒரு டன்னு போட்டு 27 டன் குடுத்துட்டேன், சரியா? சீனியர் மலைக்கு போயிருக்கார், போன் போகவே மாட்டேங்குது.

டக்ட்காரன்:
தம்பி, அந்த 27ஐ முதல்ல அழி. சதுரடி கணக்கு ஆபீசுக்கு ஆகும், ஹூட் வச்ச லேபுக்கு ஆகாது. 6 அடி ஹூட்ல கண்ணாடியை ஒன்றரை அடி தூக்கினா வாய் கிட்டத்தட்ட ஏழரை சதுரடி, அதுல நிமிஷத்துக்கு 100 அடி வேகத்துல காத்து உள்ள போகணும், ஆக ஒரு ஹூடுக்கு 750 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு 750 கன அடி காத்து), 12க்கு 9000. இது மொத்தமும் வெளிய போற காத்து, ஆசிட் ஆவி கலந்ததை திருப்பி ரூமுக்குள்ள விட முடியாது, அப்போ அதே அளவு வெளிக்காத்தை உள்ள கொண்டு வரணும். நம்ம ஊர்ல 35 டிகிரி வெயில், கூடவே கடல் ஈரம், அதை 24 டிகிரிக்கு இறக்கணும்னா அந்த காத்துக்கு மட்டும் 55, 60 டன் கிட்ட வந்துரும். ரிசர்ச் லேபா இருந்தா எல்லாரும் ஒரே நேரத்துல ஹூடை திறக்க மாட்டாங்கன்னு கொஞ்சம் குறைக்கலாம், பிராக்டிகல் லேப்ல ரெண்டு மணிக்கு மொத்த பேட்ச்சும் ஒண்ணா வந்து நிக்கும்ல.

அதனால ஹெச்ஓடி கிட்ட கேளு, பசங்க லேபுக்கு ஏசி கண்டிப்பா வேணுமான்னு. இன்ஸ்ட்ருமென்ட் ரூமுக்கு மட்டும் ஏசி போட்டுட்டு லேபை ஃபேனும் வெளிக்காத்துமா ஓட்டலாம், என்னைக் கேட்டா அதான் புத்திசாலித்தனம்.

ஷாஃப்ட் விஷயம், ஹூடுக்கு ஒண்ணா 10 இன்ச் குழாய் 12 நிறுத்தினாலே அந்த 4க்கு 6 கிட்டத்தட்ட ரொம்பிடும், கேபிளை எங்க விடுவ? லேபை மூணாவது மாடிக்கு தூக்கச் சொல்லு, குழாய் நேரா மொட்டை மாடிக்கு போயிடும், கீழ் தளத்துல இடமே திங்காது. ஜிஐ (துத்தநாகம் பூசின தகரம்) டக்ட் வேண்டாம், ஆசிட் அரிச்சு ஓட்டையாக்கிடும், பிபி (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) இல்லனா எஃப்ஆர்பி (ஃபைபர் கிளாஸ்) போடு. மாடிக்கு மேல 10 அடியாவது தூக்கி விடு. ஃப்ரெஷ் ஏர் எடுக்குற இடம் பக்கத்துலயே விட்டுட்டு அப்புறம் லேப்ல நாத்தம்னு புலம்புறவங்களை நிறைய பாத்துட்டேன்.

ஈபி_ரூம்_ஆளு:
நான் டிசைன் ஆள் இல்ல, ஒரு காலேஜ்ல மெயின்டெனன்ஸ் பாக்குறேன். டக்ட்காரன் அண்ணன் லேபை மேல தூக்கச் சொன்னதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, உங்க டிராயிங்ல சிங்க் எல்லாம் கம்ப்யூட்டர் லேப் தலைக்கு மேல வருது பாத்தீங்களா. எங்க பிளாக்ல பேனல் ரூமுக்கு நேர் மேல டாய்லெட். ஒரு நாள் காலைல கதவைத் திறந்தா பஸ்பார் சேம்பர் (கரண்ட் போற உலோகப் பட்டை இருக்குற பெட்டி) மேல சொட்டு சொட்டுனு விழுது, இன்னைக்கு வரைக்கும் பேனலுக்கு மேல தகரக் கூரை போட்டுதான் ஓட்டுறோம், பில்டிங்குக்குள்ள ஒரு கொட்டகை.

அப்புறம் கம்ப்யூட்டர் லேபுக்கு மூணரை கோர் கேபிள் (மூணு ஃபேஸ் கம்பி முழு சைஸ், நியூட்ரல் அரை சைஸ்) எழுதிடாதீங்க சார். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற பவர் சப்ளை) லோடுல மூணாவது ஹார்மோனிக் (மூணு மடங்கு ஃப்ரீக்வன்சில வர்ற கரண்ட்) மூணு ஃபேஸ்ல இருந்தும் நியூட்ரல்ல வந்து கூடும், ஒண்ணையொண்ணு அடிச்சுக்காது. எங்க லேப்ல கிளாம்ப் மீட்டர் வச்சப்போ ஃபேஸ்ல 62 ஆம்ப்ஸ், நியூட்ரல்ல 80, லக் (கேபிள் முனைல மாட்டுற உலோகத் துண்டு) கருகி நீலம் பாரிச்சு கிடந்துச்சு. அரை சைஸ் நியூட்ரல் எப்படி தாங்கும்? முழு சைஸாவது போடுங்க, ஒரு சைஸ் கூட்டினா இன்னும் நிம்மதி.

ஈபி கிட்ட கேம்பஸுக்கு கேக்குற டிமாண்டையும் (ஒரே நேரத்துல அதிகபட்சம் இழுக்குற லோடு) எல்லா லோடையும் கூட்டி எழுதாதீங்க. ஹாஸ்டல் லோடு காலைல கீசர் நேரம், ராத்திரி, பிளாக் லோடு பகல்ல. ஹெச்டி (உயர் அழுத்த) கனெக்ஷன்ல சாங்ஷன் வாங்கின டிமாண்டுல 90 சதவீதத்துக்கு எப்படியும் பணம் கட்டியாகணும், மே மாசம் கேம்பஸ்ல நாய் மட்டும் படுத்திருந்தாலும்.

புதுசா_வந்தவன்:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி சார். ஹெச்ஓடி கிட்ட பேசிட்டேன், இப்போ வாங்கப் போறது 4 ஹூட்தானாம், மிச்சம் 8 பிஹெச்டி சென்டர் வந்தா போடலாம்னு சும்மா எழுதி வச்சாங்களாம்!! லேபுக்கு ஏசியும் வேண்டாம்னுட்டார். மாடி மாத்த ஆர்க்கிடெக்ட் முனகுறாங்க ஆனா ஒத்துக்குவாங்க போல. அப்போ ஷாஃப்டை 4 ஹூடுக்கே சுருக்கிடவா?

டக்ட்காரன்:
சுருக்காத. ஃபேனை 4க்கு போடு, ஸ்லாப்ல ஓட்டையும் மாடில பீடமும் 12க்கு விட்டு வை. ஃபேன் அப்புறம் வாங்கிக்கலாம், கான்கிரீட் போட்டப்புறம் பீம் பக்கத்துல கோர் கட்டிங் போட ஸ்ட்ரக்சுரல்காரன் கையெழுத்து போட மாட்டான்.