இக்கலுயிட்டில் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா?

பனங்கிழங்கு:
கனடாவின் வடக்கே, நுனாவுட் பிரதேசத்தின் தலைநகர் இக்கலுயிட்டில் கணக்காளர் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். ரொறன்ரோவில் வாங்குவதைவிடச் சம்பளம் நல்லாவே கூட. வீடும் தருகிறார்கள். குளிரைப் பற்றி எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள், அதை விடுங்கள். காரைக் கொண்டுபோகலாமா? நம் சாப்பாட்டுச் சாமான் கிடைக்குமா? அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.

வடக்குக்கணக்கர்:
தம்பி, நான் அங்கே நாலு வருடம் இருந்தவன். காரை விற்றுவிட்டுப் போங்கள். நுனாவுட்டில் 25 ஊர்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு ரோடு இல்லை, தெற்கிலிருந்தும் இல்லை. 'எங்கும் போகாத ரோடு' என்றே இக்கலுயிட்டில் ஒன்றுக்குப் பெயர். கொஞ்ச தூரம் போய் வெட்டவெளியில் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில்தான் நடப்பேன், ஒரு மரம்கூடக் கண்ணில் படாது. நாட்டின் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து இக்கலுயிட்டுக்கு விமானத்தில் மூன்று மணி நேரம். நுனாவுட் கனடாவின் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 2021 கணக்கெடுப்பில் மொத்தம் 36,858 பேர்.

சாப்பாட்டுக்கு வருவோம். கடல் உறைந்து கிடக்கும். பனி உடைந்து, ஜூலை முதல் அக்டோபர் வரைதான் கப்பல். 'சீலிஃப்ட்' என்பார்கள். மற்ற மாதங்களில் தக்காளிகூட விமானத்தில்தான் வரவேண்டும், விலையும் அப்படித்தான். முதல் வருடம் இது விளங்காமல் கடையில் வாங்கியே சம்பளத்தைக் கரைத்தேன். அடுத்த வருடம் பட்டியல் போட்டேன்: அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் டின், டாய்லெட் பேப்பர், எல்லாம் ஒரு வருடத்துக்கு. மரப்பெட்டியில் அடைத்து மொன்றியல் பக்கத்திலிருந்து ஏற்றினேன். பெட்டி வந்து திறந்தால் உப்பு இல்லை! எழுத மறந்திருக்கிறேன்.

மிளகாய்த்தூள் வருடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று அம்மாவிடமே கேளுங்கள். அந்தச் சாக்கில் சம்மதமும் கிடைத்துவிடும்.

ஒற்றைப்பனை:
குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். 36 ஆயிரம் பேருக்குத் தனி அரசு எதற்கு? எல்லாம் ஒட்டாவா காசுதானே?

வடக்குக்கணக்கர்:
காசு பெரும்பாலும் ஒட்டாவாவுடையதுதான், கணக்கெழுதின கை சொல்கிறது. மேரி ரிவர் இரும்பு, ராங்கின் இன்லெட் பக்கம் தங்கம் என்று சுரங்கங்கள் உண்டு. கின்கெய்ட் என்ற ஊரில் கல் செதுக்குகிறவர்கள் உலகப் புகழ். ஆனால் மாதச் சம்பளம் என்றால் அதிகம் பேருக்கு அரசாங்கம்தான்.

எதற்கு என்றால், அங்கே பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அந்த மண்ணின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள். 1993இல் மத்திய அரசோடு நில ஒப்பந்தம் போட்டு, 1999 ஏப்ரல் 1ஆம் தேதி வடமேற்குப் பிரதேசத்திலிருந்து பிரிந்தார்கள். நுனாவுட் என்றால் 'எங்கள் நிலம்'. சட்டமன்றத்தில் 22 பேர், கட்சியே கிடையாது. தேர்தல் முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து ரகசிய வாக்கில் தங்களுக்குள்ளேயே முதல்வரையும் அமைச்சர்களையும் தெரிவு செய்வார்கள். அமைச்சரல்லாதவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், எனவே முதல்வர் நினைத்ததையெல்லாம் நிறைவேற்ற முடியாது. எனக்கு இது பிடித்திருந்தது, காரியம் மெதுவாக நடந்தாலும். அவையின் செங்கோல் நார்வால் திமிங்கிலத் தந்தத்தில் செய்தது, போனால் பாருங்கள்.

ஆனால் நுனாவுட் மாகாணம் அல்ல, பிரதேசம்தான். பெரும்பகுதி நிலமும் கனிமமும் இன்னும் மத்திய அரசின் கையில். 2024 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தப்படி 2027 ஏப்ரலுக்குள் அது நுனாவுட் அரசின் பொறுப்புக்கு வரவேண்டும். தம்பி போகும் நேரம் கணக்கு வேலைக்குக் குறைவிருக்காது.

பனங்கிழங்கு:
அண்ணா, அம்மா பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டார். உப்பு முதல் வரியில். கருவாடு பெட்டியில் ஏற்றலாமா என்று கேட்கச் சொல்கிறார்.

வடக்குக்கணக்கர்:
ஏற்றலாம், இரண்டு பொலித்தீன் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். மீனுக்குக் கவலை வேண்டாம். இக்கலுயிட் என்றாலே மீன்கள் இருக்கும் இடம். அங்கே பிடிக்கும் ஆர்க்டிக் சார் என்ற மீன் நம் குழம்புக்கு நன்றாகவே வரும், புளிதான் கிடைக்காது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.