ஞாயிறு விடிய சைக்கிள் ஓடுற பெண்கள் குழு: கடைசியா வாறவ நிண்டுபோகாமல் பாக்கிறது எப்பிடி?

தாவடித் தங்கச்சி

வணக்கம் அக்காமார். யாழ்ப்பாணத்தில திருநெல்வேலி, கோண்டாவில் பக்கத்துப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து ஞாயிறு விடிய சைக்கிள் ஓடத் தொடங்கியிருக்கிறம். வயசு 23 இல இருந்து 61 வரை. ஆறு பேரிட்ட சாதாரண லேடீஸ் சைக்கிள், ரெண்டு பேரிட்ட கியர் சைக்கிள். மற்ற ரெண்டு பேருக்கும் ஓடத் தெரியாது, பழக வேணும் எண்டு நிக்கினம்.

மூண்டு ஞாயிறு போச்சு. முதல் நாள் எட்டுப் பேர் ஓடினம், போன கிழமை ஐஞ்சு பேர்தான். நிண்டவை ஆரெண்டு பாத்தால், மூண்டு பேருமே கடைசியா வந்தவை. "வேலை இருக்கு" எண்டுதான் சொல்லினம். கியர் சைக்கிள்காரர் வேணுமெண்டு விட்டிட்டுப் போகேல்லை, சந்தியில நிண்டு பாத்துக்கொண்டுதான் நிக்கினம்.

எந்த வேகம், எந்தப் பாதை, கையில என்ன சாமான் வைச்சிருக்க வேணும், பழகாத ரெண்டு பேரையும் எப்பிடிப் பழக்கிறது? அனுபவமான ஆக்கள் சொல்லுங்கோ.

பின்சில்லு

தங்கச்சி, பிழை நீங்கள் எழுதினதிலயே இருக்கு. சந்தியில நிண்டு பாக்கினம் எண்டியள். முன்னுக்குப் போனவ ஐஞ்சு நிமிசம் நிண்டு, தண்ணி குடிச்சு, மூச்சு வாங்கி ஆறீட்டா. பின்னுக்கு வந்தவ சந்திக்கு வந்து சேர்ந்த உடன "சரி, எல்லாரும் வந்தாச்சு, வெளிக்கிடுவம்." ஆகக் களைச்ச ஆளுக்கு ஒரு நிமிசமும் ஆறுதல் இல்லை. மூண்டு சந்தியில இப்பிடி நடந்தால் நாலாம் ஞாயிறு அவ வரமாட்டா. காரணம் கேட்டால் வேலையெண்டுதான் சொல்லுவா. "என்னால உங்களுக்குக் கரைச்சல்" எண்டு ஆர் வாயால சொல்லுவினம்?

நிப்பாட்டுற நேரத்தைக் கடைசி ஆள் வந்து கால் ஊண்டினதில இருந்து எண்ணுங்கோ. ஐஞ்சு நிமிசம். வெளிக்கிடுவமோ எண்டு கேக்கிறதும் அவவாத்தான் இருக்க வேணும், முன்னுக்கு நிக்கிற ஆள் அதைச் சொல்லக்கூடாது.

வேகத்தைக் கட்டிற ஆள் முன்னுக்கு ஓடுறவ. அந்த இடத்தைக் கியர் சைக்கிளுக்குக் குடுக்காதேங்கோ. நடுத்தரமா ஓடுற, சாதாரண சைக்கிள் வைச்சிருக்கிற ஒராளை முன்னுக்கு விடுங்கோ. மணித்தியாலத்துக்கு 12 கிலோமீற்றர் போதும். மீற்றர் தேவையில்லை. பக்கத்தில வாற ஆளோட மூச்சு முட்டாமல் முழு வசனம் கதைக்க ஏலுமெண்டால் வேகம் சரி. ரெண்டு சொல்லுக்கு ஒருக்கா மூச்சு இழுத்தால் கூடிப்போச்சு. நல்லா ஓடக்கூடிய ஆளைக் கடைசியில விடுங்கோ. அவ ஒருநாளும் கடைசிக்கு முதல் ஆளை முந்தக்கூடாது, காத்தடிக்கிற பம்மும் ஒட்டுற சாமானும் அவவிட்டத்தான் இருக்க வேணும். இந்த வேலையைக் கியர் சைக்கிள்காரர் ரெண்டு பேரும் மாறி மாறிச் செய்யட்டும். அவைக்கும் சலிக்காது.

அகலமான, வாகனம் குறைஞ்ச வீதியில மட்டும் ரெண்டு ரெண்டு பேரா ஓடுங்கோ. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா சோடி மாற வேணும். இல்லாட்டி ஏற்கெனவே சினேகிதமான ஆக்கள் முழுத் தூரமும் தங்களுக்க கதைச்சுக்கொண்டு வருவினம், புதுசா வந்தவ தனிய மிதிப்பா. சோடி மாத்தினால் 23 வயசுப் பிள்ளையும் 61 வயசு அம்மாவும் ஒருக்கால் எண்டாலும் பக்கத்தில வருவினம். ஒடுங்கின இடத்தில "பின்னால வாகனம்" எண்டு கடைசி ஆள் சத்தம் போட, வலப்பக்கம் ஓடுறவ வேகத்தைக் குறைச்சு இடப்பக்க ஆளுக்குப் பின்னால போக வேணும், முன்னுக்குப் பாயக்கூடாது. முன் ஆள் "கிடங்கு", "மணல்", "நாய்" எண்டு சொல்ல, ஒவ்வொருத்தரும் பின்னுக்குச் சொல்லிக் குடுக்க வேணும். சில்லுக்கும் சில்லுக்கும் இடையில ஒரு சைக்கிள் நீளமாவது விடுங்கோ. முன்சில்லு முன்னால போறவவின்ர பின்சில்லில தட்டினால் விழுகிறது பின்னால வாறவதான்.

இன்னொண்டு. பாதி வழியில தேத்தண்ணிக்கு ஒரு உறுப்பினரின்ர வீட்டில நிப்பாட்டுங்கோ. கடையிலும் பாக்க இது நல்லது: கழிப்பறை இருக்கும், நிழல் இருக்கும், சைக்கிளை வளவுக்க விடலாம். கழிப்பறை இல்லாத பாதைக்கு வயசான ஆக்கள் வரப் பயப்பிடுவினம், மாதவிலக்கு நாளில மற்றவையும் நிண்டிடுவினம். ஆரும் வெளியில சொல்லமாட்டினம். ஆனால் முதல் நாளே ஒரு கட்டுப்பாடு போடுங்கோ: பிளேன்ரீயும் பனங்கட்டியும் மட்டும். இல்லாட்டி முதல் வீட்டில பிளேன்ரீ, அடுத்த வீட்டில வடை, அதுக்கடுத்த வீட்டில இடியப்பமும் சொதியும் எண்டு கூடிக்கொண்டு போகும். தன்ர முறை வருகுது எண்டு நினைச்சே சிலர் நிண்டிடுவினம். வசதி குறைஞ்ச வீட்டுக்காரியும் கூச்சமில்லாமல் கதவைத் திறக்கிற அளவிலதான் அது இருக்க வேணும்.

உரும்பிராய் வாசகி

மேல சொன்னதெல்லாம் சரி. நான் பாதையைப் பற்றி மட்டும் எழுதுறன்.

புது ஆக்கள் உள்ள குழுவுக்கு வலப்பக்கம் திரும்பிறதுதான் ஆபத்து. எதிர்ல வாற வாகனத்தை ஊடறுக்க வேணும், பாதிப்பேர் கடந்திட மீதிப்பேர் நடு வீதியில நிப்பினம். அதனால எல்லாத் திருப்பமும் இடப்பக்கம் வாற மாதிரி ஒரு வட்டம் போடுங்கோ. உங்கட இடத்துக்கு அது வலு சுகம்: திருநெல்வேலிச் சந்தியில இருந்து ஆடியபாதம் வீதியால கல்வியங்காடு, அங்க இடப்பக்கம் திரும்பி பருத்தித்துறை வீதியால இருபாலை, கோப்பாய். கோப்பாயில திரும்பவும் இடப்பக்கம், மானிப்பாய் – கைதடி வீதியால உரும்பிராய். அங்க இடப்பக்கம் திரும்பினால் பலாலி வீதி, கோண்டாவிலால வந்து திருநெல்வேலி. கிட்டத்தட்ட 12, 13 கிலோமீற்றர். இதையே மறுவளமா ஓடினால் எல்லாத் திருப்பமும் வலப்பக்கமாகிடும். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் செம்மண் தோட்டக்காணி. மழைக்குப் பிறகு உழவு மெசின் சில்லால விழுந்த மண் தார் றோட்டில வழுக்கும், அதில முன் பிறேக்கைத் தனிய அமத்த வேண்டாம்.

வெளிச்சம் வந்தாப் பிறகு வெளிக்கிடுங்கோ. தை மாதத்தில சூரியன் ஆறரைக்குத்தான் எழும்பும், ஆனியில ஆறுக்கு முன்னமே. வருசம் முழுக்க ஒரே நேரத்தை வைச்சால் தையில இருட்டுக்க ஓடுவியள், ஆனியில திரும்பி வரேக்க வெயில் கொழுத்தும். எட்டரைக்கு முன்னம் எல்லாரும் வீட்டில நிக்கிற மாதிரிக் கணக்குப் பாருங்கோ. ஆளுக்கு 750 மில்லிலீற்றர் தண்ணி.

பண்ணைப் பாலத்தால மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பக்கம் போக எல்லாருக்கும் ஆசை வரும். ரெண்டு பக்கமும் கடல், வடிவான பாதை, ஆனால் காத்துக்கு மறைப்பில்லை. போகேக்க காத்து எதிர்க்க வேணும், வரேக்க தள்ள வேணும், இதை மட்டும் மறக்காதேங்கோ. வைகாசியில இருந்து ஆவணி வரை சோழகம் தென்மேற்கால அடிக்கிறதால பண்ணைப் பக்கம் போகலாம். மார்கழி, தையில வாடை வடகிழக்கால வரும். அப்ப பண்ணைப் பக்கம் போனால் போகேக்க ஆரோ முதுகில பிடிச்சுத் தள்ளுற மாதிரிச் சுகமா இருக்கும், "இன்னும் கொஞ்சம், வேலணை மட்டும்" எண்டு ஆசை காட்டும். திரும்பி வரேக்கதான் பின்னுக்கு வாறவ அழுவா. வாடைக் காலத்தில வடகிழக்குப் பக்கம், புத்தூர், நிலாவரைக் கிணறு வரை ஓடுங்கோ.

நாய் துரத்தினால் ஓடி முந்தப் பாக்க வேண்டாம். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில பிடிச்சு நடவுங்கோ.

ஒட்டுப்பெட்டி

சாமான் பட்டியல் கேட்டதுக்கு. முதலில எல்லாரின்ர ரயரிலயும் உள்ள இலக்கத்தை எழுதி எடுங்கோ. லேடீஸ் சைக்கிளில பெரும்பாலும் 26 × 1⅜, கியர் சைக்கிளில 26 × 1.75 அல்லது அதுக்குக் கிட்ட. ரெண்டிலயும் 26 எண்டு இருந்தாலும் றிம் வேற: முதலாவது 590 மில்லிமீற்றர், ரெண்டாவது 559. ஒண்டின்ர ரயர் மற்றதுக்கு ஏறாது. வால்வும் வேற. லேடீஸ் சைக்கிளில ரப்பர் குழாய் போட்ட வால்கட்டை, கியர் சைக்கிளில கார் வால்வு. ரெண்டுக்கும் பொருந்துற தலை உள்ள பம் வாங்குங்கோ, இல்லாட்டி றோட்டில பம்மைக் கையில பிடிச்சுக்கொண்டு நிப்பியள்.

குழுவுக்கு ஒரு பை: ரயர் கழட்டுற லீவர் ரெண்டு, மண்தாள், ஒட்டு ஆறு, ஒட்டுற பசை (சொலுசன்) ஒண்டு, வால்கட்டை ரப்பர் பத்துச் சென்ரிமீற்றர், ரெண்டு அளவிலயும் ஒவ்வொரு ரியூப், 15 ஆம் நம்பர் ஸ்பனர், பழந்துணி. ஒருக்காத் திறந்த சொலுசன் மூடி போட்டாலும் காயும், மாதத்துக்கு ஒருக்கா அமத்திப் பாருங்கோ.

காத்து மெல்ல மெல்லப் போனால் ரயரைக் கழட்ட முன்னம் வால்கட்டையில எச்சில் வைச்சுப் பாருங்கோ. குமிழி வந்தால் ரப்பர் நைஞ்சு போச்சு, மாத்த ஒரு நிமிசம். உண்மையான ஓட்டை எண்டால் லேடீஸ் சைக்கிளின்ர பின்சில்லைக் கழட்ட மினக்கெடாதேங்கோ. செயின் கவர், மட்காட், கரியர் எல்லாத்தையும் அவிழ்க்க வேண்டி வரும். சைக்கிளைப் படுக்க வைச்சு, செயின் இல்லாத இடப்பக்கத்தால ரயரை நீக்கி, ரியூப்பை மட்டும் வெளிய இழுத்து ஒட்டலாம். ஓட்டையைச் சுத்தி ஒட்டிலும் பெரிசா மண்தாளால தேயுங்கோ, சொலுசனை மெல்லிசாப் பூசுங்கோ, மினுக்கம் போய் மங்கலாகும் வரை பொறுங்கோ. மூண்டு நாலு நிமிசம். ஈரத்தோட ஒட்டுறதாலதான் பாதி ஒட்டுகள் கழருது. பிறகு ரயரின்ர உள்பக்கத்தைத் துணியால தடவிப் பாருங்கோ. நெருஞ்சி முள்ளோ வேலி முள்ளோ அங்கயே நிண்டால் அரைக் கிலோமீற்றரில திரும்ப ஒட்ட வேணும். கடைசி விளிம்பைக் கையால ஏத்துங்கோ. லீவரால ஏத்தினால் ரியூப் நசிஞ்சு ரெண்டு ஓட்டை விழும்.

காத்து குறைஞ்ச சைக்கிள்தான் பாதிப்பேரைப் பின்னுக்குத் தள்ளுறது, வயசில்லை. 1⅜ ரயருக்குப் பெரும்பாலும் 45 இல இருந்து 65 பி.எஸ்.ஐ வரை. சரியான அளவு ரயரின்ர பக்கத்திலயே அச்சடிச்சிருக்கும். சனி பின்னேரம் எல்லாரும் காத்துப் பாக்க வேணும். சீற் உயரமும் அப்பிடித்தான். பெடல் ஆகக் கீழ நிக்கேக்க குதிக்கால் வைச்சால் கால் நேரா நிமிர வேணும். அதிலும் பதிஞ்சால் முழங்கால் நோகும். ஒரேயடியா உயர்த்தாமல் கிழமைக்கு ஒரு சென்ரிமீற்றர் உயர்த்துங்கோ.

தாவடித் தங்கச்சி

கோடி நன்றி. ஐஞ்சு நிமிசக் கணக்கு எங்கள் ஒருத்தருக்கும் தோணேல்லை. வாற ஞாயிறு நிண்ட மூண்டு பேரின்ர வீட்டையும் போய் சைக்கிளுக்குக் காத்தடிச்சுக் குடுத்துக் கூப்பிடப்போறம். பழகாத ரெண்டு பேருக்கும் என்ன செய்யிறது? ஒராள் 47 வயசு, சீலைதான் உடுப்பா.

வாசிகசாலை ரீச்சர்

47 வயதில் தாராளமாகப் பழகலாம். பழக்குபவர் ஒரு பெண்ணாக இருப்பது நல்லது. தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். பழகியவர் அடுத்தவருக்குப் பழக்கினார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்தார்கள். குறுக்குப் பாரில் பிள்ளையை வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு.

பழக்கும்போது ஆள் ஹாண்டிலைப் பிடிக்கக்கூடாது. பிடித்தால் பழகுபவர் சமநிலையை உணரவே மாட்டார். இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் படும்படி சீற்றைப் பதியுங்கள். சீற்றில் இருந்தபடி காலால் உந்தி உந்திப் போகச் சொல்லுங்கள். முதலில் சிறு எட்டு, பிறகு நீண்ட எட்டு, பிறகு இரண்டு காலையும் தூக்கி மூன்று விநாடி. பார்வை முன்சில்லில் இருக்கக்கூடாது, இருபது மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். காலைத் தூக்கிப் பத்து மீற்றர் நேராகப் போக வந்த பிறகுதான் பெடலைப் பூட்டுங்கள். ஒரு நாளைக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். களைத்த கைதான் விழுத்தும். கோயில் வீதி மணலில் பழக்காதீர்கள், முன்சில்லு புதையும். இறுகிய விளையாட்டு மைதானம் அல்லது வாகனம் வராத தார் ஒழுங்கை பொருத்தம்.

சீலையோடு ஓடலாம். முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகி ஊசி குத்த வேண்டும். பின்சில்லின் இரண்டு பக்கமும் மட்காட்டில் இருந்து அச்சு வரை நைலோன் கயிற்றால் வலை பின்னிவிடுங்கள். செயின் கவர் இல்லாத சைக்கிளைச் சீலைக்குக் கொடுக்கவே கூடாது. சுரிதார்காரர் துப்பட்டாவைத் தோளில் தொங்கவிட்டு ஓடுவதுதான் இன்னும் ஆபத்து. பின்சில்லில் சுற்றினால் கழுத்தை இறுக்கும். குறுக்காகக் கட்டி முடிச்சுப் போடச் சொல்லுங்கள்.

ஒட்டுப்பெட்டி

ரீச்சர் சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். இடப்பக்கப் பெடலின்ர புரி மறுவளம். வலப்பக்கம் வழமை போல இடஞ்சுழியாக் கழரும், இடப்பக்கம் வலஞ்சுழியாத் திருப்பினால்தான் கழரும். தெரியாமல் பலத்தைப் போட்டுத் திருப்பினால் இன்னும் இறுகும், இல்லாட்டிப் பெடல் பூட்டுற கிறாங்கின்ர புரி அறும். திரும்பப் பூட்டேக்க புரியில கொஞ்சம் கிறீஸ் தடவி, முதல் மூண்டு சுத்தைக் கையால ஏத்துங்கோ. ஸ்பனர் பிறகு.

பின்சில்லு

போனில 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், 1938 பெண்கள் உதவி இலக்கம், மூண்டையும் எல்லாரும் பதிஞ்சு வைச்சிருங்கோ. எந்தப் பாதை, எத்தினை மணிக்கு எண்ட விவரம் உங்கட வட்சப் குழுவுக்க மட்டும் இருக்கட்டும். முகநூலில படம் போடுறதெண்டால் வீட்டை வந்து சேர்ந்தாப் பிறகு, படத்தில நிக்கிற ஒவ்வொருத்தரிட்டயும் கேட்டுட்டுப் போடுங்கோ. ஒருத்தி மாட்டன் எண்டால் ஏனெண்டு கேக்க வேண்டாம்.

நிண்டவையிட்டப் போகேக்க "ஏன் வரேல்லை" எண்டு தொடங்காதேங்கோ. "பாதி வழித் தேத்தண்ணி இந்த ஞாயிறு உங்கட வீட்டில வைக்கலாமோ" எண்டு கேளுங்கோ.